மூன்று நிமிடத்துக்குள் நாற்பத்தொரு பேர்

முப்பிடாதியின் வீட்டில் பிள்ளைகளுக்கு ஜாதகம் எழுதுகிறார்களோ இல்லையோ, உயரத்தை அளந்து சுவரில் கோடு போட்டுவிடுவார்கள். அப்பா மாடக்கண்ணு குற்றாலம் காவல் நிலையத்தில் ஏட்டு. பெரியப்பா இசக்கிதுரை ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, ராயகிரியில் எலுமிச்சை போட்டிருப்பவர். சித்தப்பா மகன், அத்தை மகன் என்று கூட்டிப் பார்த்தால் அந்தக் குடும்பத்தை வைத்தே ஒரு சின்ன போலீஸ் ஸ்டேஷனை நடத்தலாம். அப்படிப்பட்ட வம்சத்தில் பிறந்து, ஐந்தடி ஆறரை அங்குலம் வளர்ந்து, நானூறு மீட்டரில் மாவட்ட அளவில் ஓடிய பெண், அனிமேஷன் படிக்கப் போகிறேன் என்றால் வீடு என்ன பாடுபட்டிருக்கும்!

"பொம்மப் படமா? அந்த வளத்திய வச்சுக்கிட்டு பொம்மப் படமாட்டி போடப் போற?" என்றுதான் பெரியப்பா முதலில் கேட்டார். இவ்வளவு உயரம் வீணாகப் போகிறதே என்று அவருக்கு உண்மையாகவே வயிற்றெரிச்சல். ஆனாலும் மனுஷன் மனசு தங்கம். மறுமாதமே நல்ல கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி மேலகரத்தில் அவள் வீட்டில் இறக்கிவிட்டார். அம்மாவின் தம்பி நம்பிராஜன் சும்மா இருப்பாரா? குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் தாய்மாமன், சீசன் இல்லாத மாதங்களில் ஓர் அறையை மருமகளுக்கு ஒழித்துக் கொடுத்தார். இப்படி இரண்டு பக்கமும் உதவி வாங்கிக்கொண்டவள் பின்னால் என்ன கதிக்கு ஆளானாள் என்பதுதான் கதை.

முதல் வருஷம் ஒரு குரங்குப் படம் செய்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவள் பிடித்ததே குரங்கு. அது நொண்டிக் குரங்காய் முடிந்தது. நடையை வரைவதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம், அது அவளுக்கு வரவில்லை. குரங்கு ஒவ்வோர் அடியிலும் முள் குத்தினதுபோல் துள்ளியது. அசிங்கப்பட்டுப் போவோம் என்று பயந்துகொண்டே ஒரு போட்டிக்கு அனுப்பினாள். அடிபட்ட விலங்கின் வலியை உருக்கமாகக் காட்டியதற்காக இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். வேண்டாம் என்றா சொல்ல முடியும்? வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது படம் நிஜமாகவே நன்றாக வந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. சீசன் பத்து நாள் முந்தி வந்துவிட்டது, லாட்ஜ் நிரம்பியது, அறையில் இருந்த கம்ப்யூட்டரை மாமா மாடிப்படிக்குக் கீழே மாற்றினார். எட்டாம் நம்பர் அறைக்காரர் ஒருவர், குற்றாலத்துக்கு வந்தவர் அருவியில் குளிக்காமல், தண்ணீர் காயவைக்க ஹீட்டரைச் செருகினார். கரண்ட் படாரென்று போனது, அதோடு நாலு மாத வேலையும் போனது. "ஹீட்டருக்கு எதுக்குய்யா குத்தாலம்?" என்று அந்த ஆளைப் பிடித்து அவள் கத்தியது இரண்டு மாடிக்குக் கேட்டது. அதிலிருந்து எதைச் செய்தாலும் மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைப்பாள்.

மூன்றாவது படம் தொடங்கியபோது அப்பா ஒரு முடிவோடு வந்தார். சென்னையில் ஒரு ஸ்டுடியோ மாணவர்களுக்குப் போட்டி வைத்திருந்தது. தேர்வாகிறவருக்கு ஒரு வருஷம் அங்கேயே பயிற்சி, பிறகு வேலை.

"இதுல ஒன்ன எடுத்தாம்னா நீ மெட்ராஸ் போ. நான் ஒரு வார்த்த சொல்லமாட்டேன். எடுக்கலன்னா எஸ்.ஐ. பரீட்ச எழுதுத. சரியாட்டி?" என்றார்.

சரி என்றாள். வேறு வழி?

படம் இதுதான். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். தடை போட்டது அருவிக்குத் தெரியாது. ஒருத்தரையும் காணோமே என்று அது மெல்லப் பாறையை விட்டு இறங்கி ஊருக்குள் வருகிறது. சிப்ஸ் கடைகளை எட்டிப் பார்க்கிறது. டவுன் பஸ்ஸில் ஏறுகிறது; கண்டக்டர் நனைந்த டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். கடைசியில் தடுப்புக் கம்பியருகே நிற்கும் ஒரு போலீஸ்காரர் முன்னால் வந்து நிற்கிறது. அவர் விசிலை வாயருகே கொண்டுபோகிறார். ஆனால் ஊதவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிகிறார். அருவி அவர் தலையில் மட்டும் சன்னமாக விழுகிறது. அந்தக் காட்சி நாற்பத்தெட்டு வினாடி.

அதற்காகத்தான் அவள் படமே எடுத்தாள். மாடக்கண்ணு பதினோரு சீசனாக அருவிக்கரையில் பந்தோபஸ்து பார்க்கிறவர். லட்சம் பேரை வரிசையில் விட்டு, லட்சம் பேரை விசிலடித்து வெளியேற்றியிருக்கிறார். ஒருநாள் குளித்ததில்லை. லீவு நாளில் குளிக்கலாமே என்றால், "லீவு அன்னைக்குமா அங்கன போய் நிக்கணும்?" என்பார். அப்பா இந்தக் காட்சியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும் என்று அவளுக்கு ஆசை. வினாடிக்குப் பன்னிரண்டு படம் வீதம் கையொடிய வரைந்தாள். இப்போது நடையும் வந்துவிட்டது, தண்ணீரும் வந்துவிட்டது.

மொத்தம் இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி. பெயர்கள் உட்பட மூன்று நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது போட்டி விதி. மீதிப் பத்து வினாடியில் தன் பேரையும், இசை போட்ட வகுப்புத் தோழன் ஜெனோவின் பேரையும் போட்டாள். அனுப்ப ஞாயிறு மாலை கடைசி நேரம். சனிக்கிழமை காலை, கூறுகெட்டவள், குடும்பத்தை உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினாள்.

படம் முடிந்தது. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவ கடைசியப் போடு" என்றார். போட்டாள்.

"எம் பேரு எங்கட்டி?"

"பெரியப்பா, இது மூணு நிமிசப் படம். வரஞ்சவங்க பேரு மட்டுந்தான்..."

"கம்ப்யூட்டர் யாரு வாங்கித் தந்தா?"

"அப்ப ரூம் யாரு குடுத்தா?" என்றார் மாமா, அந்தப் பக்கத்து நாற்காலியிலிருந்து.

இந்தப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதில் மாப்பிள்ளை பெண் பேரைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் பிடிக்கும். மற்றபடி யார் யார் எந்தத் துறையில் இருக்கிறார்கள், யார் தெய்வத்திரு ஆகிவிட்டார்கள், எந்த மழலை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். பதினாறு வருஷத்துக்கு முன் சின்ன அத்தை கல்யாணத்தில் ஒரு மச்சானின் பேரை அச்சுக்கடைக்காரன் விட்டுவிட்டான். அந்த மச்சான் இன்றுவரை இந்த வாசலை மிதிக்கவில்லை. அவர் வீட்டுத் துட்டிக்குத் துக்கம் கேட்கப் போனபோதுகூட முகம் கொடுத்துப் பேசவில்லை. பேர் விடுபடுவதென்றால் அந்தக் குடும்பத்துக்குக் குலை நடுங்கும்.

அரைமணி நேரத்தில் நாற்பத்தொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். வேலையோடு, ஊரோடு. ஒன்றாம் வகுப்பு படிக்கும் இரண்டு வாண்டுகளும் அதில் அடக்கம். யார் பேர் முதலில் என்று பெரியப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒருவரோடொருவர் சண்டை போட்டார்கள். "ரெண்டு வரிசையாப் போடு. அங்கிட்டு அவுக, இங்கிட்டு நாங்க" என்று மாமாதான் வழி சொன்னார்.

அவள் போட்டு ஓடவிட்டாள். பெயர்கள் எல்லாப் படத்திலும்போல் கீழிருந்து மேலே போயின. பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏட்டி, என்ன எல்லாரும் மேல போறோம்? உயிரோட இருக்கவன் பேர மேல அனுப்பலாமா? கோட்டிக்காரி. கீழ எறக்கு."

இறக்கினாள். வேகமாகப் போகிறது, படிக்க முடியவில்லை என்றார். மெதுவாக்கினாள். ஐம்பத்தெட்டு வினாடி ஆனது. அதற்குக் குறைந்தால் அவருக்கு அவர் பேரே படிக்க முடியவில்லையாம். ஆகமொத்தம் படத்தில் நாற்பத்தெட்டு வினாடி வெட்டியாக வேண்டும்.

"அந்த போலீஸ்காரன் குளிக்கத எடுத்துரு. சரியா இருக்கும்" என்றார் பெரியப்பா. கணக்கில் புலி.

"பெரியப்பா, அதுதான் படமே!"

"டியூட்டில குளிச்சான்னா சஸ்பெண்டு. ராணுவமா இருந்தா கோர்ட் மார்ஷல்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லுவார் என்றுதான் பார்த்தாள். மாடக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டு, "யூனிபார்ம்ல தண்ணில நிக்க மாதிரி வேண்டாம்ட்டி. யாராவது பாத்தா மெமோ குடுத்துருவாங்க" என்றார். அப்புறம் அவளைத் தனியாக அடுக்களைப் பக்கம் கூப்பிட்டு, "எங்கண்ணனோட நான் பேச்சுவார்த்த இல்லாம ஆயிருவேன். வெட்டிரு தாயி" என்றார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். ஊரையே விசிலால் விரட்டுகிற மனுஷன் அண்ணனுக்கு அப்படிப் பயந்தார்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் கால்மணி நேரம் அழுதாள். தெரியாமல் பழைய படத்தையே அனுப்பிவிடலாமா என்றும் யோசித்தாள். நாளைக்கு அது இணையத்தில் வரும், பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தன் பேரைத் தேடுவார், அப்பாதான் நடுவில் கிடந்து சாவார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வெட்டினாள். போலீஸ்காரர் விசிலை வாயருகே கொண்டுபோகிறார், அதோடு சரி. உடனே மேலிருந்து பெயர்கள் கொட்டத் தொடங்கின. அவள் பேர் கடைசியில், வாண்டுகளுக்குப் பின்னால், வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் இருந்தது. மூன்று நிமிடம் சரியாக. அனுப்பிவிட்டு, எஸ்.ஐ. தேர்வுக்கான பொது அறிவுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

பத்தொன்பது நாள் கழித்து, மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. தேர்வுக் குழுவின் தலைவி மாஜிதா என்று ஒரு அம்மாள் பேசினார். வீட்டில் எல்லாரும் கேட்கட்டும் என்று அம்மா ஸ்பீக்கரை அமுக்கிவிட்டாள்.

"முப்பிடாதி, உங்களைத்தான் எடுத்திருக்கோம். எல்லாம் அந்த முடிவுக்காகத்தான். அருவி மனுஷங்களைத் தேடி வருது. அவர் விசிலை எடுக்கிறார். சட்டுன்னு அருவியே பேர் பேரா கொட்டுது! எல்லாரும் பேரை மேலதான் ஓட்டுவாங்க. நீங்க கீழே விழவிட்டீங்க. அதுலயும் ரெண்டு பிரிவா, பாறையில பிரிஞ்சு விழற தண்ணி மாதிரி. எங்க மூணு பேருக்கும் கண்ணு கலங்கிடுச்சும்மா. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

முப்பிடாதி சோற்றுக் கையோடு விழித்தாள். "வீட்ல... எல்லாரும் சேந்து யோசிச்சோம் மேடம்" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"இன்னொண்ணு சொல்லணும். வேற யாரா இருந்தாலும் அந்தப் போலீஸ்காரரை அருவியில நனையவிட்டு முடிச்சிருப்பாங்க. அது ரொம்பச் சுலபமான முடிவு. நீங்க அந்த வலையில விழலை பாருங்க, அங்கதான் நீங்க ஆர்டிஸ்ட்."

"ஆமா மேடம்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். அம்மாள் அதை ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டார். ஆனந்தமும் இருக்கத்தான் செய்தது, இல்லை என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். எஸ்.ஐ. பரீட்சை தப்பியது, சென்னை கிடைத்தது, மூன்று வருஷத்துப் பாடு வீண்போகவில்லை. ஆனால் நாற்பத்தெட்டு வினாடியை வெட்டின கையை என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலமே வீடு கல்யாண வீடாகிவிட்டது. "மேல அனுப்பாதன்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா? அதுதான் பாயிண்டு" என்று பெரியப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். "ரெண்டு வரிச என் யோசன" என்று மாமா சொன்னார். அடுத்த படத்துக்கும் தன் யோசனைகள் உண்டென்றும், மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஆள் சேர்ந்துவிட்டால் மூன்று வரிசையாகப் போடலாமென்றும் பெரியப்பா சொல்லிவிட்டுப் போனார். மாடக்கண்ணு எல்லாருக்கும் காப்பி கொடுத்தார். மகளை நேராகப் பார்க்கவில்லை.

அவள் சென்னைக்குக் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது, டியூட்டி முடிந்து வந்தவர் யூனிபார்மைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏட்டி, அந்த வெட்டின துண்டு கெடக்கா?"

"கெடக்குப்பா."

"போடு."

போட்டாள். பார்த்தார். இன்னொரு தடவை என்றார். மூன்றாம் தடவை அவராகவே பொத்தானைத் தேடி அமுக்கினார். அவர் சிரிப்பாரா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரிக்கவில்லை. திரைக்குக் கிட்டத்தில் குனிந்து எதையோ தேடினார்.

"லத்தி எங்கட்டி?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தொப்பி வரைந்திருந்தாள், விசில் வரைந்திருந்தாள், பெல்ட்டில் பக்கிள்கூட வரைந்திருந்தாள்.

"வரைய மறந்துட்டேம்பா."

"டியூட்டில லத்திய விடமாட்டேன்லா. கக்கத்துல இடுக்கிக்கிட்டுத்தான் குளிப்பேன். அப்பிடி வரஞ்சிரு." பிறகு வெளிவாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இதுக்கு அடியில யாரு பேரும் வேண்டாம். எம் பேரும் வேண்டாம். உன் பேரு மட்டும் போடு."

சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டார். நாற்பத்தெட்டு வினாடிக்கு ஐந்நூற்று எழுபத்தாறு படம். அத்தனையிலும் லத்தியை வரைய வேண்டும். அப்பாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயந்து அவள் வாயைத் திறக்காமல் முதல் படத்தைத் திறந்தாள்.