முடியாது என்பதற்கு முன்னால்

"‘அண்டர்ஸ்டாண்ட்’ங்கறதை ஒரே ஒரு தடவைதான் சொல்லணும். முடியாதுன்னு சொல்றதுக்கு முந்தி. சொல்லிட்டு ஒரு மூச்சு விடணும்," என்றாள் டீச்சர். தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தக் கண்ணாடி அறைக்குள் தலையாட்டினார்கள். வந்த அன்றே வாயாடி என்று பெயர் வாங்கிவிட்ட பெண் மட்டும் விடவில்லை.

"நிஜமாவே புரியலேன்னா டீச்சர்?"

"புரியணும்னு யாரு சொன்னா? சொன்னா போதும். சம்பளம் அதுக்குத்தான்."

அறை சிரித்தது. கணவர் இறந்த பிறகு டீச்சர் வாயிலிருந்து வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது.

பதிவு செய்த பழைய அழைப்புகளைப் போட்டுக் கேட்டு, அந்த வார்த்தையைச் சொன்ன விதத்துக்கு மதிப்பெண் போடுவதுதான் அங்கே பாடம். அன்றைக்கு வந்திருந்தவற்றில் அடுத்ததை டீச்சர் தட்டினாள். முதலில் ஓர் இருமல். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல்.

"என் பொண்டாட்டியோட நம்பர் என் பேர்ல இருக்கும்மா. அவ பேருக்கு மாத்தணும். நான் இன்னும் ரொம்ப நாள் இருக்க மாட்டேன். அப்புறம் அவதான் அலையணும்."

"ஐ அண்டர்ஸ்டாண்ட் சார்." ஒரு மூச்சு. "ஆனா ரெண்டு பேரும் நேர்ல வரணும்."

"அவளை எப்படிம்மா கூட்டிட்டு வர்றது? எனக்கு விஷயம் தெரியும்னு அவளுக்குத் தெரியாது."

டாக்டர் சொன்னதை அவரிடம் மறைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமா? குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு வந்தாள். அவரோ அடுத்த வருஷத்துக்கென்று சட்டைத்துணி எடுத்துவந்து காட்டினார். பாவம், எவ்வளவு நம்பிக்கை என்று அவள் அன்றைக்குத் தனியாக உருகினாள். சேர்ந்து உட்கார்ந்து அழுதிருக்க வேண்டிய நாட்கள் எல்லாம், ஒருவரை ஒருவர் தேற்றியே தீர்ந்துபோயிருந்தன. அவர் போனபின் நம்பருக்காக அவள் அலைந்ததும் அவர் சொன்னபடியேதான் நடந்தது.

பதிவில், எங்கோ சமையலறைப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் உற்சாகமாகக் கேட்டது: "யாருங்க போன்ல?"

"ராங் நம்பரும்மா."

இணைப்பு அறுந்தது.

"அந்தம்மா குரல் அச்சு அசலா உங்க குரல் மாதிரியே இருக்கு டீச்சர்," என்று சிரித்தாள் வாயாடி. பேனாவைத் திறந்துகொண்டாள். "ஒரே தடவைதான் சொன்னாங்க, மூச்சும் விட்டாங்க. ஃபுல் மார்க் போட்டுடலாமா?"

டீச்சர் தலையசைத்தாள். திரையில் குரல்களின் அலைக்கோடு தட்டையாகிக் கிடந்தது. அவள் விரல் அதைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டே போனது, அந்த இருமலுக்கும் முன்னால், யாரும் எதுவும் பேசத் தொடங்காத இடத்துக்கு.