8080-ஆம் கதவு

80.

இந்தக் கதை ஒரு சிவப்புத் துணிப்பையால் வந்தது. ஜிப் மூடி, மகள் வீட்டுக்குக் கிளம்பத் தயாராக, அது எங்கள் வாசற்கதவோரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் நான் எழுத உட்கார்ந்தேன். பை என் மனைவியுடையது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

இடி முழங்கியது. மாடிப்படியில் ஒரு பெண் தன்னந்தனியாக...

(வேண்டாம். இடி முழங்கவில்லை. அதோடு அவள் இதைப் படிப்பாள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது நான்காவது மாடி. (வெளியாரிடம் பதினொன்று என்பேன். பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்.) துணி துவைக்கும் மெஷின்கள் எல்லா வீட்டுக்கும் பொதுவாக அடித்தளத்தில் இருக்கின்றன. லிஃப்ட் உண்டு, ஓடாது. குடியிருப்புச் சங்கத் தலைவர் அதைத் திறந்து வைத்தபோது ரிப்பனோடு அதன் நரம்பையும் சேர்த்து வெட்டிவிட்டார் என்பது என் துணிபு. தலைவர் வேறு யாருமல்ல, என் மனைவியின் அண்ணன்.

அவளுக்கு முழங்கால் வலி. கூடையோடு இறங்குவாள்; மூன்று மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும்; ஏறுவாள். 'நீர் போனால் என்ன?' என்று கேட்கும் வாசகருக்கு: எனக்குத் தடை. முன்பொருமுறை என் பொறுப்பில் போன வெள்ளைச் சட்டைகள் ரோஜா நிறத்தில் திரும்பின. ஒரு சிவப்புத் துண்டின்மேல் பழி போட்டார்கள். சட்டைகள் எதையாவது பார்த்து வெட்கப்பட்டிருக்கலாமே என்ற கோணத்தில் யாரும் விசாரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டம். அதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க," என்றாள். "இல்லன்னா லிஃப்ட் ஓடுற வரைக்கும் நான் மக வீட்லதான்."

லிஃப்ட் ஓடுகிற வரைக்கும் என்றால் ஏறக்குறைய நிரந்தரமாக.

ஆகவே ஒரு செயலி எழுதினேன். ஒவ்வொரு மெஷினின் பிளக்கிலும் ஒரு சின்ன மின்மானி. மின்சாரம் இழுத்தால் 'ஓடுகிறது', இல்லையென்றால் 'காலி'. போனில் பார்த்துவிட்டு ஒரே தடவை இறங்கலாம். சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் அதை ஓடவிட்டேன். 'இந்த எண் ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது' என்று துரத்திவிட்டது.

(குறுக்கீடு: கம்ப்யூட்டரை ஒரு கட்டடம் என்று வையுங்கள். போர்ட் என்பது கதவு எண். வெறும் முகவரியைச் சொன்னால் பிரவுசர் வழக்கமான 80-ஆம் கதவைத் தட்டும். வேறு கதவென்றால் முகவரிக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து எண்ணையும் எழுத வேண்டும். ஒரு கதவில் ஒருவர்தான் நிற்கலாம்.)

80-இல் நின்றது சங்கத்தின் இணையப் பக்கம். மச்சானின் புகைப்படம், கீழே 'நல்வரவு'. அவ்வளவுதான்.

"மச்சான், கொஞ்சம் நகந்துக்குங்களேன்."

"முன்வாசல்ல அழுக்குத்துணிய வெக்கச் சொல்றீங்களா மாப்ளே? வேற கதவு பாத்துக்குங்க."

6666.

பார்த்துக்கொண்டேன். வண்டி நம்பர் நாலும் ஒன்றாக அமைந்தால் ஒரு கம்பீரம் உண்டல்லவா? செயலி மறுபேச்சில்லாமல் ஓடியது. 'காத்திருக்கிறேன்' என்று திரையில் ஒரு வரி. முகவரியை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஒரு தட்டல்கூட இல்லை. என் போனிலேயே அந்தப் பக்கம் திறக்கவில்லை.

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். மச்சானைப் பிடித்தேன்:

நள்ளிரவு. கறுப்புக் கண்ணாடி அணிந்த உருவமொன்று என் கதவை நோக்கி...

(முடிக்கவில்லை. மச்சான் எட்டு மணிக்கே குறட்டை விடுபவர். இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

ஆனாலும் வீட்டுக்கு வந்தவரை மடக்கிக் கேட்டேன். "என் கதவ மூடினது நீங்கதானே?"

"என் கதவையே எனக்குத் தொறக்கத் தெரியாது மாப்ளே. அந்த போட்டோவ மாத்தணும்னு எத்தன நாளாத் தவிக்கிறேன்!" தங்கை பக்கம் திரும்பினார். "ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணலாம், இல்லம்மா?"

அவள் சிரித்தாள். பையின் ஜிப்பை ஒருமுறை சரிபார்த்துவிட்டு என் போனை வாங்கினாள்.

"ஏங்க, இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சீங்களா?"

"'திறக்க முடியவில்லை'ன்னு."

"அதுக்குக் கீழ?"

கீழே பொடியெழுத்தில்: பாதுகாப்பற்ற போர்ட். (நான் எழுதாத எதையும் நான் கடைசிவரை படிப்பதில்லை.) சில எண்களுக்குப் பழைய கெட்ட சகவாசம் இருக்கிறதாம், பிரவுசர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லையாம். 6666 அதில் ஒன்று. என் கதவு திறந்தேதான் கிடந்தது. தட்டத்தான் ஒரு பிரவுசரும் துணியவில்லை.

"எங்கண்ணன் எண்பதுன்னா, நீங்க எண்பது எண்பதுன்னு போடுங்களேன்," என்றாள். "இதுக்குப் போயி..."

8080.

ஞாயிறு. புதிய எண்ணைப் பலகையில் எழுதிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மச்சான் மைக்கில் லிஃப்ட்டின் எதிர்காலம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடிப் பல் டாக்டர் மடியில் போனை மறைத்துத் தட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று எழுந்தார்.

"ரெண்டாவது மெஷின் காலி!"

நாற்காலி விழுந்தது. டாக்டர் ஓடினார். அடுத்த நொடி எல்லாக் கைகளிலும் போன். "மொதலாவது என்னுது!" என்று டிரைவிங் ஸ்கூல் அம்மா இண்டிகேட்டர் போடாமலே திரும்பினார். அரங்கம் காலி. (என் கணக்கில் ஓடியவர்கள் ஆயிரம் பேர். கட்டடத்தில் அத்தனை பேர் இல்லை என்பது கட்டடத்தின் குறை.)

மேடையில் மச்சானும் மைக்கும் மட்டும். அவரும் மெல்லப் போனை எடுத்தார்.

"மாப்ளே, மூணாவதும் காலின்னு காட்டுது. அதுல என் போர்வை இருக்கு!"

ஓடினார். போர்வையோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"அந்த எண்பத நீங்களே வெச்சுக்குங்க."

"வேணாம் மச்சான். 'நல்வரவு' சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல?"

(எண் போடாத பகுதி)

மறுநாள் காலை மனைவி போனைப் பார்த்தாள். பிறகு, நம்புங்கள், கூடையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"ஒண்ணாவது காலி. நீங்களே போயிட்டு வாங்க."

"தடை?"

"சிவப்பத் தனியாப் போடுங்க."

கீழே வந்துதான் கூடையைப் பார்த்தேன். அடியில் என் வெள்ளைச் சட்டைகள். மேலே அந்தச் சிவப்புப் பை, ஜிப் திறந்து, வெறுமையாக.

காலியாக இருப்பது ஒரே மெஷின். அடுத்தது காலியாகும்வரை ஒரு ராஜதந்திரியைப்போல் காத்திருந்தேன் என்று முடிக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்து, ரோஜாநிறச் சட்டையில் நெஞ்சை நிமிர்த்தி நான்கு மாடியும் ஏறினேன் என்றும் முடிக்கலாம். சட்டை நிறத்தை உங்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்கு அதில் கவலையில்லை.

எப்படி முடித்தாலும் அவள் மேலேதான் இருப்பாள். பை ஈரம்.