துரு எழும்பாத தொட்டி

எங்கள் ஊர் அடிபம்புத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது, கொதிக்க வைத்தாலும் போகாது. சைக்கிள் கடை நிதாயின் மனைவி புதுலுக்கு இரண்டு கர்ப்பம் கலைந்துபோனது. அந்தத் தண்ணீரை நிறுத்தச் சொன்னார் டாக்டர். இப்போது ஏழாம் மாதம். பள்ளிக்கூடத்தை ஒட்டிய எங்கள் தொட்டித் தண்ணீரைத் தவிர வேறெதையும் அவள் வாயில் வைப்பதில்லை.

அந்தத் தொட்டி என் பொறுப்பு. பெயர் ஷெஃபாலி, ஊருக்கே பௌதி, அதாவது அண்ணி. தொட்டிக்குள் இரும்புத் தகடுகள் தொங்கும். மின்சாரம் விட்டால் மளமளவென்று துருப்பிடித்து, தண்ணீர் ஆரஞ்சாகக் கலங்கும். விஷம் அந்தத் துருவோடு ஒட்டிக்கொண்டு அடியில் போய் உட்காரும். மேலே தெளிந்து நிற்பதைப் பச்சைக் குழந்தைக்கும் கொடுக்கலாம். மூன்று வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. ஊரெல்லாம் தேய்த்துத் தேய்த்து விரட்டுகிற துரு, இங்கே உயிர் காக்கிறது.

கருவிகளைக் கும்பிடும் விஸ்வகர்மா பூஜைக்கு, தொட்டியின் சாவியை நிதாயிடம் கொடுத்துவிட்டுப் பிறந்த வீடு போயிருந்தேன். மறுநாள் காலை திரும்பியபோது அவனுக்கு வாயெல்லாம் பல்.

"பௌதி, விடிஞ்சதுமே ஒரு தொட்டி ஓட்டிட்டேன். துளி கலங்கல, கண்ணாடி மாதிரி இருக்கு. எல்லாம் பூஜை பண்ண பலன்."

நான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். "தகட்டை என்னடா பண்ண?"

"என்ன பண்ணுவாங்க? கழட்டித் தொடச்சு, கடுகெண்ணெய் போட்டு, பொட்டு வெச்சேன். கடையில ஸ்பேனருக்கே பண்றேன், இதுக்குப் பண்ண மாட்டேனா? இனி நூறு வருஷம் துருப்பிடிக்காது."

எண்ணெய் ஏறிய இரும்பில் மின்சாரம் எங்கே பிடிக்கும்? விட்டுப் பார்த்தேன்; மின்சாரம் காட்டும் மீட்டரின் முள் எழுந்திருக்கவே சோம்பல்பட்டது. தொட்டித் தண்ணீரில் ஆர்சனிக் சோதனைத் தாளை நனைத்து வைத்தேன். வெள்ளையாக நிற்க வேண்டிய தாள் இருபது நிமிடத்தில் பழுப்பானது.

"நல்ல வேலை பார்த்தடா, மகராசா. இது நேரா பம்புலேர்ந்து வந்த தண்ணி. யாருக்குக் குடுத்த?"

அவன் முகம் செத்துப்போனது. "புதுலுக்கு மட்டும். ஒரு ஜாடி."

ஒரு ஜாடியில் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு தடவை பறிகொடுத்தவனிடம் அதை எந்த வாயால் சொல்வது? அவன் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தான். குழாய்களைப் பூட்டிவிட்டு நானும் ஓடினேன்.

புதுல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஜாடி, பக்கத்தில் ஒரு கோப்பை டீ. பால் விடாத டீ செக்கச்செவேலென்று இருக்க வேண்டும். இது மையைக் கரைத்தது போல் கறுத்திருந்தது.

"குடிச்சியா?" வாசற்படியிலேயே நின்று கேட்டான் நிதாய்.

"பம்புத் தண்ணியில கரைஞ்சிருக்கிற இரும்புக்குத்தான டீ இப்படிக் கறுக்கும்? இது அந்தத் தண்ணின்னு தெரிஞ்சுபோச்சு. தொடல. காலைலேர்ந்து நாக்கு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. உன்னை நம்பினேன் பாரு."

அவன் நேராகத் தொட்டிக்குப் போய்த் தகடுகளைக் கழற்றினான். சோப்புத்தூள், செங்கல் பொடி, உப்புத்தாள் என்று எண்ணெய் போகத் தேய்த்தான். விரல் நுனியெல்லாம் தோலுரிந்தது. நான் பிடுங்கப் போனேன், கொடுக்கவில்லை.

மறுபடி தொட்டியை நிரப்பி மின்சாரத்தை விட்டேன். முள் எழுந்தது. தகட்டின் ஓரத்தில் முதலில் பச்சையாக ஒரு புகை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மஞ்சளாகி, ஆரஞ்சாகி, தொட்டி முழுக்கப் பரவியது. நிதாய் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றான். இத்தனை நாள் தண்ணீர் எடுத்துப்போனவன், அது கலங்குவதை நின்று பார்த்ததேயில்லை.

"தகடு கரையுது பௌதி."

"ஆமா. கரைஞ்சாத்தான் நமக்குத் தண்ணி."

படிகாரம் போட்டு, தெளியவிட்டு, மதியம் தாளை நனைத்தேன். தூய வெள்ளை. அவன் ஜாடியை நிரப்பிக்கொண்டு நடந்தான். நானும் கூடப் போனேன்.

புதுல் குவளையை வாங்கினாள். தண்ணீரைப் பார்த்தாள். அதுவும் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. உதடு வெடித்திருந்தும் அவள் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"துரு செவப்பா வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு," என்றான் நிதாய். "கூடவே நின்னு பார்த்தேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குடித்தாள்.