விசிறி இல்லாத பெட்டி

பிணம் உள்ளே கறுத்துப் போயிருந்தது.

செல்வம் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தான். டிபன் பாக்ஸைவிடச் சற்றே பெரிய கணினி. உள்ளே இருந்த விசிறியின் இதழ்கள் தார் பூசியதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் கொஞ்சம் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனான்.

"இது தூசி இல்லீங்கக்கா. புகைக்கரி. இதை எங்க வெச்சு ஓட்டுனீங்க?"

"மேசை மேலதானுங்க" என்றாள் பரிமளா.

"பக்கத்துல அடுப்பு?"

"அது பின்னாடி சமையல் ஊட்ல இருக்குது."

செல்வம் அவள் கணவன் பக்கம் திரும்பினான். "அண்ணனுக்குப் பீடி உண்டுங்களா?"

"அய்யோ சாமி, நான் தொட்டதே இல்லீங்க!" என்றான் முத்தன்.

முள்ளுக்குறிச்சி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே செல்வத்தின் கணினிக் கடை. மலைமேல் ஆலத்தூர் நாடு என்னும் ஊர்ப்பகுதியிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வந்திருந்தார்கள் இருவரும். செத்துப்போன பெட்டி, முத்தனின் மடியில் துண்டு சுற்றி வந்தது.

பரிமளாவுக்கு அவசரம். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று, தொலைபேசி உரையாடல்களைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரு நிபந்தனை: கேமரா முன்னால் இரண்டு மணி நேரப் பரீட்சை, நடுவில் கணினி நிற்கக் கூடாது. முதல் தடவை பாதியில் நின்றது. வியாழக்கிழமை இன்னொரு தடவை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதிலும் நின்றால், கோயம்புத்தூருக்கே வந்து ஆபீஸில் உட்கார வேண்டும். கல்யாணத்துக்கு முன் அங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள் அவள். மறுபடி அந்த இரும்புக் கட்டிலுக்குப் போகத் தயாராக இல்லை.

"ராத்திரியில இந்தப் பெட்டி எங்க இருக்கும்?" செல்வம் விடவில்லை.

"பரண்லதான்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். இதையெல்லாமா ஒரு கேள்வி என்று கேட்பார்கள் என்ற பார்வையோடு.

"எந்தப் பரண்?"

"அடுப்புக்கு மேல."

செல்வம் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

மழை மாதங்களில் மலைமேல் எல்லாவற்றிலும் ஓதம் ஏறும். துணியில், செருப்பில், சுவரில் பூஞ்சை பூக்கும். வீட்டில் மதிப்புள்ள எதுவும் அடுப்புச் சூடு படும் பரணுக்குப் போய்விடும். விதைத் தினை, மிளகு, ரேஷன் கார்டு, டிவி ரிமோட். பரிமளா வேலையை முடித்ததும் முத்தன் தினமும் ஒயர்களைப் பிடுங்கி, கணினியையும் தினைப் பையின் பக்கத்தில் ஏற்றி வைத்துக்கொண்டிருந்தான். ஐப்பசி பிறந்ததிலிருந்து.

"ஓதம் புடிச்சுக்குமேன்னு பண்ணுனேனுங்க" என்றான்.

"இதே பெரிய சிபியூவா இருந்திருந்தா தூக்கியிருப்பீங்களா?"

"அந்தச் சனியனை ஆரு தூக்கறது?"

"சின்னதா இருந்ததாலதான் செத்துப்போச்சு."

முத்தன் பெட்டியைப் பார்த்தான். பரிமளா முத்தனைப் பார்த்தாள்.

"லேப்டாப் வாங்கிக்கலாமுங்களா?" என்றாள் அவள்.

"அதை இன்னும் சுலபமாப் பரண்ல ஏத்துவாரு" என்றான் செல்வம். "திரை, கீபோர்டு எல்லாம் நல்லாத்தான இருக்குது? பெட்டியை மட்டும் மாத்துவோம்."

இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான்.

"இது வேகம். மெமரி போட உள்ள ரெண்டு இடம். கம்பெனி கேக்கற பதினாறு ஜிபி போட்டு, நாளைக்கு வேணும்னா முப்பத்திரண்டாக்கலாம். வீடியோ வேலையும் அசராமச் செய்யும். ஆனா சூட்டை வெளிய தள்ள விசிறி இருக்குது. விசிறி இருந்தா காத்தை இழுக்கும். காத்துல என்ன இருக்குதோ அதையும் இழுக்கும்."

இரண்டாவது பெட்டியின் மேல் முழுக்கச் சீப்புப் பற்கள்போல் அலுமினியம். அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினான்.

"இதுல விசிறியே கெடையாது. ஒடம்பாலயே சூட்டை வெளிய உடும். புகை, ஓதம், பூச்சி எதையும் உள்ள இழுக்காது. ஆனா வேகம் கம்மி. மெமரிக்கு ஒரே இடம், பதினாறோட சரி. ரொம்பச் சூடாச்சுன்னா தன்னால இன்னும் மெதுவாயிரும். கோடையில இங்க வெச்சு ஓட்டுனா தூங்கி வழியும். மேல உங்களுக்குக் குளுரு. தாங்கும்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா?"

"சத்தியம் பண்ண மாட்டேனுங்கக்கா."

"கரண்டு?"

"வேகமானதுக்குப் பத்தொம்போது வோல்ட்டு. இதுக்குப் பன்னண்டு. உங்க திரைக்கும் பன்னண்டுதான்."

முத்தன் நிமிர்ந்தான். "பயிருக்கு மருந்தடிக்கிற மெஷின் பேட்டரியும் பன்னண்டுதானுங்களே?"

"அதேதானுங்கண்ணா."

பரிமளா இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். வேகமான பெட்டியை ஒரு தடவை தொட்டாள். நன்றாகத்தான் இருந்தது. போன தடவை பாதி வாக்கியத்தில் கறுத்துப்போன திரையை நினைத்துக்கொண்டாள்.

"மெதுவா ஓடுனா நான் வேகமாத் தட்டிக்கிறேன். நின்னு போச்சுன்னா நான் என்ன பண்ண முடியும்? விசிறி இல்லாததையே குடுங்க."

செல்வம் பேட்டரி மாட்ட இரண்டு முனைகள் கொண்ட ஒயர் ஒன்றைத் தயார் செய்தான். ஒரு பேட்டரி தளர்ந்தால், அதைக் கழற்றாமலே இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம். அப்புறம் நாலு ஸ்க்ரூவும் ஒரு தகடும் கொடுத்தான்.

"ஊட்டுக்குப் போனதும் பெட்டியைத் திரையோட முதுகுல முடுக்கிருங்க. அண்ணன் கைக்கு வேலை வெக்க வேண்டாம்."

வியாழக்கிழமை விடிந்தபோதே மழை. பரிமளா கரண்டை நம்பவில்லை. மருந்தடிக்கும் மெஷினின் பேட்டரியிலேயே கணினியையும் திரையையும் ஓடவிட்டாள். இணையம் அவள் போனிலிருந்து. பரீட்சை தொடங்கியது. திரையின் மூலையில் கோயம்புத்தூர்க் கண்காணிப்பாளர் கோகிலவாணி, கண்ணாடி போட்ட சிறு சதுரமாக உட்கார்ந்திருந்தாள்.

பெட்டி மெதுவாகத்தான் ஓடியது. ஒவ்வொரு ஒலிப்பதிவும் திறக்கத் தயங்கியது. அந்தத் தயக்கத்தில் பரிமளா விரல்களை நீவிக்கொண்டாள். திறந்ததும் பாய்ந்தாள்.

பாதியில் வீட்டு விளக்கு அணைந்தது. ஊர் முழுக்கக் கரண்டு போனது. திரை மட்டும் எரிந்தது.

முத்தன் திரைக்குப் பின்னால் கையை நீட்டிப் பெட்டியைத் தொட்டான். சூடு. ஜன்னலைத் திறந்துவிட்டான். மூடுபனி உள்ளே வந்தது. பற்களின் சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

அப்புறம் திரை ஒரு முறை மங்கி மீண்டது. பரிமளா திரும்பாமலே இடது கையை மட்டும் அசைத்தாள். பேட்டரி தளர்ந்துவிட்டது.

முத்தன் மழையில் ஓடினான்.

அடுத்த வீடு சுதாகருடையது. அவனிடமும் மருந்தடிக்கும் மெஷின் உண்டு. "பேட்டரியக் கழட்டிக் குடு, சீக்கிரம்!"

"ஸ்க்ரூ துருப்புடிச்சுக் கெடக்குது மாமா. கழட்ட நேரமாவும்."

"அப்ப மெஷினோட குடு."

கேமராவில் கோகிலவாணி பார்த்தது இதைத்தான்: தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஒரு ஆள், முதுகில் பச்சை டேங்க்கைச் சுமந்தபடி, கையில் மருந்துக் குழாயுடன் அறைக்குள் நுழைகிறான்.

"மேடம், பின்னாடி யாருங்க அது?"

"எங்க ஊட்டுக்காரருங்க." பரிமளா தட்டுவதை நிறுத்தவில்லை.

"கையில என்ன வெச்சிருக்காரு?"

"கரண்டு கொண்டாந்திருக்காருங்க."

முத்தன் டேங்க்கைத் தரையில் சாய்த்தான். ஒயரின் இரண்டாவது முனையை அதன் அடியில் சார்ஜ் ஏற்றும் துளையில் செருகினான். அறை முழுக்க மருந்து வாடை. திரை மறுபடி மங்கத் தொடங்கி, பாதியில் நின்று, பழைய வெளிச்சத்துக்குத் திரும்பியது. முத்தன் அங்கேயே, தேங்கிய ஈரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான்.

நேரம் முடிந்தது. பெட்டி நிற்கவில்லை.

"ஓகே மேடம், தேறிட்டீங்க. ஆனா ஒண்ணு" என்றாள் கோகிலவாணி. "பதிவு திறக்கவே உங்க சிஸ்டம் ரொம்ப நேரம் எடுக்குது. வீடியோவுக்கு எழுத்து போடற வேலையும் எங்ககிட்ட இருக்கு, அதுலதான் வருமானம் அதிகம். அதை உங்களுக்குத் தர முடியாது. ஆடியோ மட்டும்தான். பரவாயில்லையா?"

"ஊட்லயிருந்தே தானுங்களே?"

"ஆமா, வீட்லயிருந்துதான்."

"போதுமுங்க."

அன்று சாயங்காலம் அவள் கணினியை அணைத்ததும், பழக்கத்தில் முத்தனின் கைகள் நீண்டன. நாலு ஸ்க்ரூ. பெட்டி அசையவில்லை.

"ஓதம் ஏறாதா புள்ள?"

"தொட்டுப் பாருங்க."

தொட்டான். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கையை அங்கேயே வைத்திருந்தான். அவன் முகத்தில் ஏதோ ஒரு கணக்கு ஓடியதைப் பரிமளா கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

மறுநாள் அவள் வேலையில் உட்கார்ந்து சிறிது நேரத்தில் பதிவுகள் ஊர்ந்தன. எழுந்து திரைக்குப் பின்னால் பார்த்தாள். அலுமினியப் பற்களின் மேல் அணைத்தபடி, அவரை விதை கட்டிய சிறு துணிப்பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

பையை அவிழ்த்தாள்; அடியில் பெட்டி கொதித்தது. பரணுக்கு அனுப்பவில்லை. சுவரில் ஓர் ஆணி அடித்து, பெட்டியிலிருந்து ஒரு சாண் தள்ளி மாட்டிவிட்டு, அடுத்த பதிவைத் திறந்தாள்.