வெளியே உட்கார்ந்திருந்தது

மனநல ஆலோசகர் தன் நம்பிக்கையைக் கழற்றி, அறைக்கு வெளியே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போனார். "சொந்த நம்பிக்கைய வெளிய வெச்சுட்டு உள்ள வாங்க" என்று பயிற்சியில் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் ஒருவர்தான் செய்தார். அது அப்படியொன்றும் கடினமில்லை. இடது தோளைச் சற்று இறக்கினால் ஈரச் சட்டை போல உரிந்து வரும். வந்ததும் அவரைப் போலவே கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காரும். எடை முழுவதும் அதோடு போய்விடுவதால் உள்ளே அவருடைய நாற்காலி கிறீச்சிடாது. கூச்சமான விஷயத்தைச் சொல்லும்போது கேட்பவரின் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டாலே வந்தவருக்கு வாய் மூடிக்கொள்ளும். இவரிடம் அந்தச் சத்தமே இல்லாததால் எல்லோரும் கடைசிவரை சொன்னார்கள். மாலையில் அதை மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்த அம்மாவைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, தண்ணீர் புகட்டுவார். பெற்றவர்களைக் கைவிடக் கூடாது என்பதுதான் அந்த நம்பிக்கையின் நடுப்பகுதி. பாரம் பெரும்பாலும் அங்கேதான் இருந்தது.

வங்கியில் காசாளராக இருந்த ஒரு பெண் சில மாதங்களாக வந்துகொண்டிருந்தாள். சின்ன வயதில் அவள் கையை ஒடித்த அப்பா இப்போது எழ முடியாமல் அவள் வீட்டில் கிடந்தார். "முதியோர் ஹோம்ல விட்டுடலாம்னு இருக்கேன் மேடம். தப்பா?" என்று கடைசியில் கேட்டாள். "தப்புன்னு உங்களுக்குத் தோணுதா?" "இல்ல." "இல்லன்னு தோணுது" என்றார் ஆலோசகர். சொன்னதையே திருப்பிச் சொல்வது இந்தத் தொழிலின் நல்ல கருவி. தன் சொல்லை இன்னொரு வாயில் கேட்டால்தான் மனிதருக்கு அதன் கனம் தெரியும். அவள் முகம் தெளிந்து வெளியே வந்தாள்.

"பெத்த அப்பன தூக்கிப் போட்டுட்டு உனக்குச் சோறு எறங்குமாடி?" என்றது நாற்காலியில் இருந்தது.

"அது எல்லாரையும் அப்படித்தான் பேசும், கண்டுக்காதீங்க" என்றாள் வரவேற்பாளர். மற்றவர்கள் காதில் விழாத மாதிரி போய்விடுவார்கள். காசாளர் நின்று பதில் சொல்லிவிட்டாள். "அவரு என் கைய ஒடிச்சவரு."

"கை சேந்துடுச்சுல்ல?"

அது எழுந்து, சேர்ந்துவிட்ட அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவளோடு அவள் வீட்டுக்கே போய்விட்டது.

"அந்தம்மா கூடப் போயிடுச்சு மேடம்" என்று மாலையில் வரவேற்பாளர் சொன்னாள். "போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு ஆலோசகர் லேசாக நடந்து வீட்டுக்குப் போனார்.

"தண்ணி குடுடி" என்றாள் அம்மா.

ஆலோசகர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "தண்ணி வேணும்னு சொல்றீங்க."

"என்னடி புதுசா வாங்க போங்கன்னுட்டு? நாக்கு ஒட்டிக்கிச்சு."

"நாக்கு ஒட்டிக்கறது உங்களுக்கு எப்படி இருக்கு?"

நாற்காலி கிறீச்சிடவில்லை. ஆகவே அம்மாவும் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள். காசாளர் வீட்டில் அவளும் கூடப் போன அதுவும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க, அவள் அப்பா வயிறு முட்டக் காய்ச்சிய தண்ணீர் குடித்துவிட்டு, சரியாக ஆறவில்லை என்று தம்ளரை அவள் மேலேயே வீசினார். இங்கே அம்மாவின் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. "இப்பத்தான்டி நான் சொல்றத முழுசா கேக்கற" என்றாள் அவள் கடைசியாக.

"கேக்கறேன்னு தோணுது" என்றார் மகள்.

துக்கத்துக்கு எடுத்த விடுமுறை முடிந்து அவர் வேலைக்குத் திரும்பினார். வெளியே இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் இப்போது வருகிறவர்கள் பையை வைக்கிறார்கள்.