உட்காராத மாப்பிள்ளை

அணைத் தண்ணீர் ஊருக்குள் வந்து தங்கிய பிறகு, நாணலூரில் ஜாதகத்துக்கு முன்னால் மூச்சைத்தான் பார்க்கிறார்கள். வஞ்சிக்கொடி வீட்டார் குமிழிக்காரர்கள். தண்ணீருக்கு மேலே போய் ஒரு காற்றுக்குமிழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்குவார்கள். உள்ளே பிராணவாயு குறையக் குறையச் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்தே கொஞ்சம் ஊறி வரும். ஆனாலும் குமிழி சிறுத்துக்கொண்டே போகும். கால் மணிக்கு ஒரு தரம் மேலே போய்த்தான் ஆகவேண்டும்.

இதனாலேயே இரண்டு வரன்கள் தட்டிப்போயின. "பொண்ணு வீட்ல தங்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டார்கள், பாவிகள். இந்த மூன்றாவதும் போனால், அப்பா வைரக்கண்ணு அவளைச் செவுள்காரர் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்துவிடுவதாக இருந்தார். அந்த ஆளின் பெயரைக் கேட்டாலே அவள் குமிழி எடுக்க மேலே போய்விடுவாள்.

மூன்றாவதாக வந்தவன் கீழத்தெரு சடையப்பன். தட்டான்பூச்சி வகையறா. பின்பக்கமாகத் தண்ணீரை இழுத்து, அதிலிருக்கும் பிராணவாயுவை எடுத்துக்கொண்டு, அதே வழியாக வெளியே விடுகிறவர்கள். மேலே போகிற வேலையே இல்லை. உட்கார்ந்தால் மட்டும் மூச்சு அடைத்துவிடும். இதை எப்படிச் சபையில் சொல்வது?

"உட்காருங்க மாப்ளே."

"இருக்கட்டும் மாமா."

"அட, சும்மா உட்காருங்க."

"நிக்கிறதே சௌகரியம் மாமா."

ஐந்தாம் தடவை வைரக்கண்ணுவின் முகம் சுண்டிப்போயிற்று. தன் வீட்டு நாற்காலியில் உட்காராதவனுக்குப் பெண்ணா? தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். மாப்பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்தது. மறுநொடி உள்ளிருந்த தண்ணீர் பீறிட, ஜன்னல் வழியாகப் பாய்ந்து தெருமுனையில் போய் நின்றான். நடந்தே திரும்பி வந்து, "மன்னிச்சுக்குங்க மாமா" என்றான்.

வைரக்கண்ணு தாம்பூலத் தட்டை உள்ளே எடுத்துப்போகச் சொன்னார். வஞ்சிக்கொடியின் அக்குளில் குமிழி சுண்டைக்காய் அளவுக்கு வந்திருந்தது. மேலே போனால் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவள் போகவில்லை.

"அப்பா, நான் ஒரு இடத்தில தங்க மாட்டேன், அவர் ஒரு இடத்தில உட்கார மாட்டார். எங்களுக்குச் சரியா வரும். சீக்கிரம் தட்டை மாத்துங்க, எனக்கு மூச்சு முட்டுது."

கல்யாணம் நின்றபடியே நடந்தது.

மூன்றாம் மாதம் சடையப்பன் ஒரு நாணலைப் பிடித்து ஏறித் தண்ணீருக்கு வெளியே போனான். முதுகு வெடித்து, இறக்கையோடு பறந்தான். அந்தக் குடும்பத்தில் அது வழக்கம். போனவர்களால் தண்ணீருக்குள் திரும்ப முடியாது. ஊர்ப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். வஞ்சிக்கொடி குமிழி எடுக்க மேலே போனாள். நாணல் நுனியில் அவன் காத்திருந்தான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்போதெல்லாம் ஐந்து நிமிஷத்திலேயே அவள் குமிழி தீர்ந்துவிடுகிறது.

நாணலில் அவன் உரித்து விட்டுப்போன கூட்டை அவள் கீழே கொண்டுவந்தாள். வைரக்கண்ணு அதை நாற்காலியில் வைத்தார். அது உட்கார்ந்தது.

"அப்பாடா, இப்பவாவது உட்கார்ந்தீங்களே மாப்ளே" என்று காபியை நீட்டினார்.

கூடு ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் கம்மி என்றது. வைரக்கண்ணு போட்டுக் கொண்டுவந்தார்.