தண்ணி மெஷின் அருகில், மூன்று பத்துக்கு

எங்கள் மருந்துக் கிடங்கில் எந்த மெயில் வந்தாலும் ‘நோட்டட், தேங்க்ஸ்’ என்று பதில் தட்டிவிட வேண்டும். படித்தாயா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எங்கள் வீட்டிலேயே முதல் பட்டதாரி நான். சேர்ந்த வாரமே கற்றுக்கொண்ட உயர்கல்வி இதுதான்.

போன மாதம் மேனேஜர் தண்ணி மெஷின் பக்கத்தில் நின்று, “லேபிள் ஒட்டாமலே ஏத்தும்மா, நான் பாத்துக்கறேன்” என்றார். ஏற்றினேன். மொத்த லோடும் திரும்பி வந்தது. அன்றே, தனக்கும் மேலதிகாரியான மேடத்துக்கு நகல் போட்டு, எனக்கு அவர் மெயில்: “ஆஸ் டிஸ்கஸ்டு, லேபிளைச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு.” அதாவது, நாம் பேசிக்கொண்டபடி. எந்தச் சுவரோடு பேசினாரோ! நானோ பழக்கதோஷத்தில் தட்டினேன்: “நோட்டட், தேங்க்ஸ்.”

என் கழுத்தை நானே அறுத்துக்கொண்டு, நன்றியும் சொல்லியிருக்கிறேன்.

என்னை நிரந்தரமாக்குவதா, துரத்துவதா என்று வெள்ளிக்கிழமை மேடம் முடிவெடுப்பார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அக்கா கேட்டாள்: “அந்தாளு எழுதினா நீயும் எழுத வேண்டியதுதானே? டிகிரி என்ன செவுத்துல மாட்டவாடி?”

சுருக்கென்றது.

புதன்கிழமை மறுபடி தண்ணி மெஷின். “நானூறு பெட்டிம்மா. லேபிள் வேணாம், லாரி நிக்குது.”

“சரி சார். எழுதிடறேன்.”

“எழுது, எழுது. இங்கிலீஷ் பழகின மாதிரியும் ஆச்சு.”

அவர் டம்ளரை வைப்பதற்குள் ஃபோனிலேயே மெயில் அடித்தேன்: “ஆஸ் டிஸ்கஸ்டு, இன்று மூன்று பத்துக்கு, தண்ணி மெஷின் அருகில், நானூறு பெட்டிகளை லேபிள் இல்லாமல் அனுப்பச் சொன்னீர்கள். நீங்கள் எழுத்தில் உறுதி செய்யும்வரை லாரி நிற்கும்.” மேடத்துக்கும் நகல். உண்மையிலேயே பேசியதை ‘பேசியபடி’ என்று எழுதிய மெயில் அந்தக் கட்டடத்தில் அதுதான் முதலாக இருக்கும்.

மேனேஜர் ஃபோனைத் தடவிக்கொண்டே நடந்தார். என் ஃபோனில் டிங்.

“நோட்டட், தேங்க்ஸ்.”

அக்கா எட்டிப் பார்த்தாள். சிரித்த சிரிப்பில் வண்டி இன்ஜினையே அணைத்துவிட்டாள்.

மூன்றரைக்கு மேடம் இறங்கி வந்தார், கையில் லேபிள் ரோல்.

“போன தடவையும் இப்படித்தானா?”

“அதே மெஷின்தான் மேடம்.”

ரோல் மேனேஜர் கைக்குப் போனது. “நானூறு. நீங்களே ஒட்டுங்க.”

வெள்ளிக்கிழமை நிரந்தர வேலைக்கான கடிதம் மெயிலில் வந்தது. ஒரு வரி விடாமல் இரண்டு தடவை படித்தேன். பிறகு பதில் போட்டேன்: “நோட்டட்.”

தேங்க்ஸ் போடவில்லை.